நாளுக்கு நான்கு நிமிடம்

ஏப்ரல் 18
(எங்கள் ஹால் காலண்டரின்படி ஏப்ரல் 13. காரணம் உள்ளே)

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு சௌக்கியம். மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். தங்கள் முழங்கால் வலி இப்போது படி ஏற விடுகிறதா? அக்கா மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறார்களா? போன கடிதத்துக்குப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். அப்போது எழுத விஷயம் இல்லை. இப்போது விஷயம் கழுத்து வரை வந்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் எங்கள் மாடி போர்ஷனுக்கு ஒருவர் குடிவந்தார். முப்பது வருடம் கப்பலில் திசை பார்த்துச் சொல்லும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். வயது எழுபது என்று சொல்கிறார், ஆனால் எழுபது வயதுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. வந்த முதல் நாளே தங்கள் தங்கையை 'தங்கச்சி' என்றும் என்னை 'மாப்பிள்ளை' என்றும் கூப்பிட ஆரம்பித்தார். மச்சான், இதைத் தாங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட உரிமை உள்ளவர் உலகத்தில் ஒருவர்தான், அவர் தாங்கள். குத்துக்கல்லாட்டம் தாங்கள் இருக்கும்போது இன்னொரு அண்ணன் எதற்கு? எனக்காக இல்லாவிட்டாலும் தங்களுக்காகவாவது கோபம் வரவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் வேலை தங்களுக்குத் தெரியும். தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக புரூஃப் பார்க்கிறேன். தேதி, கிழமை, சூரிய உதயம், அஸ்தமனம், பிறை, பௌர்ணமி எல்லாம் என் கண் வழியாகத்தான் மக்களுக்குப் போகின்றன. உதய, அஸ்தமன நேரங்களுக்கு, அச்சகத்தை ஆரம்பித்த பெரிய முதலாளி எழுதிவைத்த மூலப் பிரதி ஒன்று பீரோவில் இருக்கிறது. அதில் உள்ளபடி தாளில் இருக்கிறதா என்று பார்ப்பதே என் தொழில். ஒரு புள்ளி தப்பாது. வருடத்தின் முதல் பிரதி எங்கள் ஹாலில்தான் மாட்டப்படும். தினமும் காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தங்கள் தங்கை நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, இன்றைய தாளை உரக்கப் படிப்பாள். "உதயம் ஆறு பதினாலு." நான் நுரையோடு "சரி" என்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் நடக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்து வீடு காலியான பிறகு, சில நாள் நாங்கள் பேசுவது அவ்வளவுதான். ஆனால் அது ஒரு நாளும் தவறியதில்லை.

கப்பல்காரர் வந்து நாலே நாளில் அந்தப் படிப்பு கெட்டது. துணி எடுக்க மாடிக்குப் போகிறவள் ஒரு மணி நேரம் கழித்துத் துணி இல்லாமல் இறங்கி வந்தாள். விடிவதற்கு முன்னாலும் போக ஆரம்பித்தாள். கேட்டால் "சூரியன் எங்க வருதுன்னு பாக்குறேங்க" என்றாள். கிழக்கேதானே வரும், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றேன். "தினமும் அதே கிழக்கு இல்லைங்க" என்று சிரித்தாள். பிறகு மேலே போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியில் ஒரு செங்கல். அதன்மேல் நின்று, சூரியன் தலைகாட்டும் இடத்துக்கு நேராகக் கைப்பிடிச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. மறுநாள் அதற்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு. இப்படியே வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி. அவள் கையெழுத்து. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டைக்கூட அவள் அவ்வளவு அழகாக எழுதியதில்லை, மச்சான்.

அதோடு போனதா? காலையில் தாளைக் கிழித்தால் கேள்வி மேல் கேள்வி. "இந்த உதய நேரத்தை எப்படிங்க கணக்குப் போடுறாங்க?" மூலப் பிரதியில் இருக்கும் என்றேன். "வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சே கால் நாள்ங்கிறாங்களே, அந்தக் கால் நாளை எங்கங்க வைப்பீங்க?" நாலு வருடம் சேர்த்து பிப்ரவரியில் ஒரு தாளாகப் போடுவோம் என்றேன். "கால் நாள்கூட முழுசா இல்லையாம், பதினோரு நிமிஷம் குறையுதாம். அதனால நானூறு வருஷத்துல மூணு தாளைப் போடாம விட்டுடணுமாம்." கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது. நானூறு வருடக் கணக்கைச் சொல்லி ஒரு பெண்பிள்ளை புருஷனுக்கு ரத்தம் வரவழைத்தது எங்கள் வீட்டில்தான் முதல் தடவையாக இருக்கும். அதுவும் மூலப் பிரதியில் இருக்கும், போய்ச் சட்னியைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். அதில் ஒரு ஊதுபத்திக் குச்சி சாய்வாகக் குத்தியிருந்தது. "நீங்கதான் சூரியன், அப்படியே அசையாம உக்காருங்க" என்றாள். சூரியன் என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பழத்தைச் சுழற்றிக்கொண்டே சாப்பாட்டு மேஜையோடு என்னையும் சேர்த்துச் சுற்றினாள். குச்சி எப்போதும் ஜன்னல் பக்கமே சாய்ந்திருந்தது. "பாருங்க, சாய்ஞ்ச பக்கம் மாறவே மாறாது. அதனால இங்க நிக்கும்போது மேல்பாதி உங்களைப் பாத்துச் சாயுது, அங்க வெயில் காலம். அந்தக் கோடிக்குப் போனா மேல்பாதி உங்களை விட்டு விலகிச் சாயுது, குளிர் காலம். சூரியன் பக்கத்துல வர்றதும் தூரப் போறதும் இல்ல காரணம்." சரி, இதில் சூரியன் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யலைங்க. சும்மா உக்காந்திருக்கு. எல்லா வேலையும் பூமிதான் செய்யுது." சொல்லிவிட்டு மேஜையின் அந்தக் கோடியிலேயே நின்று பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டாவது தடவை சாதம் வரவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு நான் மண்டு இல்லை.

இனிதான் மச்சான் முக்கியமான கட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கப்பல்காரரை ஒரு தடவையாவது தப்பு என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஏப்ரல் முதல் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், அவர்கள் இருவரும் மொட்டை மாடியில் வானம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியின் மேல்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம் எட்டு இருபதுக்கு எட்டிப் பார்த்தது. அது சித்திரை நட்சத்திரமாம். "நாளைக்கு எட்டு பதினாறுக்கே வந்துரும் தங்கச்சி" என்றார் கப்பல்காரர். மறுநாள் என் கைக்கடிகாரத்தில் எட்டு பதினாறுக்கு வந்தது. அதற்கு மறுநாள் எட்டு பன்னிரண்டு. எனக்கு மானம் போயிற்று. ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்தேன். நட்சத்திரத்துக்கு என்ன அவசரம்? அதற்கு வேலையா, வீடா? தொட்டியும் நகரவில்லை. அப்படியென்றால் என் கடிகாரம்தான் நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. அந்த மனுஷன் அதைக் கவனித்துவிட்டு வித்தை காட்டுகிறார். இவ்வளவுதான் விஷயம்.

ஐந்தாம் தேதி மாலை கடிகாரக் கடைக்காரரிடம் போனேன். அவர் பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "சார், இது கரெக்டா ஓடுது" என்றார்.

"ஓடல. தினமும் நாலு நிமிஷம் பின்னாடி போகுது. எங்கிட்ட சாட்சி இருக்கு."

"யாரு சாட்சி?"

"ஒரு நட்சத்திரம்."

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னை வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு, நம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்பதுபோல, உள்ளே இருந்த சின்ன முள்ளை நகர்த்தி, நாளுக்கு நான்கு நிமிடம் வேகமாக ஓட வைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் தேதி நட்சத்திரம் எட்டு நாலுக்கு வந்தது. ஆறாம் தேதி கப்பல்காரர் "எட்டு மணிக்கு" என்றார். நான் கையை நீட்டினேன், எட்டு நாலு. ஏழாம் தேதியும் எட்டு நாலு. எட்டாம் தேதியும் எட்டு நாலு. ஒரு வாரம் அந்த நட்சத்திரம் என் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வேலைக்கு வருகிற மாதிரி வந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தாடையைத் தடவினார். தங்கள் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு நான் இரண்டு சப்பாத்தி அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அச்சகத்தில் தினமும் நான் போகும் நேரத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை. முதலில் நாலு நிமிடம் தாமதமாக வந்தார்கள், பிறகு எட்டு நிமிடம், பன்னிரண்டாம் தேதி நான் போகும்போது கேட் பூட்டே திறக்கவில்லை. காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊரே சோம்பேறியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். உள்ளே போனதும் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை அரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாக முன்னால் தள்ளித் திருத்திவிட்டேன். மதியம் மணியடித்ததும் மெஷின்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், சாயங்காலம் அரை மணி முன்னாலேயே வீட்டுக்கும் போய்விட்டார்கள். பைண்டிங்குக்குத் தாள் எடுக்க வந்த வண்டி, ஏற்ற ஆளில்லாமல் வாசலில் நின்றதுதான் மிச்சம். சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மூலப் பிரதி இல்லாம எதையும் திருத்தக்கூடாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் நடத்துவீங்க? இதுக்கு எந்த மூலப் பிரதியைப் பாத்தீங்க?" என்றார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலை கப்பல்காரர் என் கடிகாரத்தைக் கேட்டு வாங்கித் தன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "மாப்பிள்ளை, இதுல நட்சத்திர நேரம் ஓடுது. வானத்தை ஆராய்ச்சி பண்ற இடத்துல இதுக்குன்னு தனிக் கடிகாரம் வச்சிருப்பாங்க. நீங்க கையிலயே கட்டியிருக்கீங்க. பூமி ஒரு சுத்து சுத்துறதுக்கு உண்மையில இருபத்து நாலு மணி நேரம் ஆகாது. நாலு நிமிஷம் கம்மி. ஆனா அதுக்குள்ள அது சூரியனைச் சுத்துற பாதையிலயும் கொஞ்சம் நகர்ந்துடுது, அதனால..."

"அதனால சூரியனை மறுபடி நேராப் பாக்க இன்னும் நாலு நிமிஷம் திரும்ப வேண்டியிருக்கு" என்று முடித்தாள் தங்கள் தங்கை.

ஒரு வாக்கியம், மச்சான். அவர் ஆரம்பித்தார், இவள் முடித்தாள். எங்கள் இருபத்தாறு வருடத்தில் ஒரு வாக்கியத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதில்லை. எனக்குப் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது, பச்சையாகவே எழுதுகிறேன். அவர் சட்டை மேல் பொறாமை, அவர் போன கடல் மேல் பொறாமை, அந்த நட்சத்திரத்தின் மேல் பொறாமை, கடைசியில் பூமி மேலேயே பொறாமை, இத்தனை நாளாக என் காலுக்குக் கீழே இருந்துகொண்டே அவளிடம் போய் ஒட்டிக்கொண்டதே என்று.

மறுநாள் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மதியம் அவள் கடைக்குப் போயிருந்தாள், கப்பல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். முப்பத்தெட்டுக் கோடு. எண்ணிக்கொண்டே தேய்த்துக் கழுவினேன். கடைசிக் கோடு போகும்போதுதான் செய்தது தப்பு என்று உறைத்தது. ஆனால் அதற்குள் சுவர் சுத்தமாகிவிட்டிருந்தது.

அவள் வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள். "இருபத்தாறு வருஷமா தினமும் சூரிய உதயம் சரி பாக்குறீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வா போய்ப் பாக்கலாம்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதான் தாள்ல இருக்கே" என்றேன்.

அன்றிலிருந்து அவள் தாளைக் கிழிப்பதில்லை. ஹாலில் இன்னும் பதின்மூன்றாம் தேதியே தொங்குகிறது. நானாகக் கிழிக்கலாம்தான், கை வரமாட்டேன் என்கிறது. சவரம் செய்யும்போது யாரும் எதுவும் படிப்பதில்லை. சாப்பாடு வருகிறது, வெந்நீர் வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. விடிவதற்கு முன்னால் இப்போதும் மாடிக்குத்தான் போகிறாள். ஆகையால் தாங்கள் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, கூடப்பிறந்த அண்ணன் என்ற முறையில் கப்பல்காரரிடம் நாலு வார்த்தை கறாராகப் பேசி மாடியைக் காலி செய்ய வைத்து, தங்கையிடம் எனக்காக இரண்டு வார்த்தை இதமாகவும் பேசிவிட்டுப் போக வேண்டும். வரும்போது முழங்காலுக்குப் பட்டியைக் கட்டிக்கொண்டு வரவும், பேச வேண்டிய ஆள் மாடியில் இருக்கிறார்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் இருக்க என் ஆசிகள். தங்கள் வரவை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,

தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு (ஏப்ரல் 21): தயவுசெய்து வர வேண்டாம். மேலே படித்ததும் டிக்கெட் எடுக்கக் கிளம்பியிருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடவும்.

அன்றைக்கே கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுத் தபாலில் போடப் போகும்போது கப்பல்காரர் படியிறங்கி வந்தார். "மாப்பிள்ளை, கோடு அழிஞ்சதைப் பத்தி நான் கேக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். நான் வந்த ரெண்டாவது நாளே தங்கச்சி எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? 'எங்க வீட்டுக்காரர் சூரியன், சந்திரன் எல்லாம் பாக்குற வேலையில இருக்கார். வீட்டுக்கு வந்தா எங்கிட்ட பேச அவருக்கு ஒண்ணும் இல்ல. அதுல எனக்கும் ரெண்டு விஷயம் தெரிஞ்சா அவரோட பேசலாம்ல'ன்னு கேட்டுச்சு. அதுக்குத்தான் இவ்வளவும்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டேன். ஆரஞ்சுப் பழம், கால் நாள், பதினோரு நிமிடம் எல்லாம் என்னிடம் பேசுவதற்காக அவள் கொண்டுவந்தது. நான் சட்னியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை நான் மாடிக்குப் போனேன். கப்பல்காரரும் கிளம்பினார். அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து எங்கள் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய கைக்கடிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினேன். மேலே அவள் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க. ஜூன் இருபத்தொண்ணு வரைக்கும்தான் சூரியன் இந்தப் பக்கம் போகும். அப்புறம் திரும்பி இதே வழியாத்தான் வரும். நீங்க அழிச்ச இடத்தையெல்லாம் செப்டம்பர், அக்டோபர்ல ஒவ்வொண்ணாத் தொட்டுட்டுப் போகும். அப்ப கோடு போட்டுக்கலாம்" என்றாள். சாக்பீஸை என் கையில் கொடுத்தாள். மூலப் பிரதிப்படி உதயம் ஆறு இரண்டு. ஆறு இரண்டு ஆயிற்று, சூரியன் வரவில்லை. ஆறு ஐந்து. வரவில்லை. ஆறு பதினொன்றுக்குத்தான் வந்தது. ஒன்பது நிமிடம் தாமதம்.

"பெரிய முதலாளியோட சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டாள். கிழக்கே, இருநூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும் என்றேன். "அப்ப அவரு தன் ஊருக்குத்தான் கணக்குப் போட்டிருக்காரு. அங்க உங்க காலண்டர் ரொம்பச் சரி. பூமி சுத்தி அந்த ஊரு வெயிலுக்கு வந்து ஒன்பது நிமிஷம் கழிச்சுத்தான் நம்ம ஊரு வருது" என்றாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். கப்பல்காரருக்கும் தெரியுமாம், வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க சரின்னு சொன்னதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?" என்றாள்.

இருபத்தாறு வருடமாக நான் பார்த்துப் பார்த்துத் திருத்தியது எவனோ வேறு ஊர்க்காரனுக்கு. சின்ன முதலாளியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை, மச்சான். தாங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். தாளில் உள்ள நேரத்துக்கு நாங்கள் மேலே போய்விடுகிறோம், சூரியன் வரும் வரை அவள் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அதைத் திருத்திவிட்டால் எனக்கு அந்த ஒன்பது நிமிடம் போய்விடும்.